பார்த்துக்கொண்டிருந்தவள்

ஜூன் 9, திங்கள்

கணினி வகுப்பில் சேர்ந்துவிட்டேன். காந்திபுரத்தில் ஓர் அறக்கட்டளை இலவசமாக நடத்துகிறது. முதல் மாதம் அடிப்படைப் பாடம். அடுத்த மாதம் ஏதாவது ஒரு மென்பொருள் நிறுவனத்தில், வேலை செய்பவர் ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும். பர்வீன் மேடம் இதைச் சொல்லிவிட்டு, சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றார். மற்றவர்கள் சான்றிதழ் உண்டா, வேலை கிடைக்குமா என்று கேட்டார்கள். எந்தெந்த நிறுவனங்கள் என்று நான் கேட்டேன். நான்கு பெயர்கள் சொன்னார். மூன்றாவது பெயர் வந்தபோது முகம் தெரியாமல் குனிந்துகொண்டேன்.

தெரிந்துதான் சேர்ந்தேன். போன வருடம் இங்கே படித்த பெண் ஒருத்தி சரவணம்பட்டியில் அந்த நிறுவனத்துக்குப் போனாள் என்று கேள்விப்பட்ட அன்றே முடிவு செய்துவிட்டேன். அக்காவிடம் சொல்லவில்லை.

ஜூன் 12, வியாழன்

ஃபோல்டருக்குள் ஃபோல்டர் போடச் சொன்னார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தவன் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டுத் திருதிருவென்று விழித்தான். வீட்டுக்கு வரும் வழியில் அம்மாவுக்கு மாத்திரை, அக்காவுக்குப் பச்சை நூல்கண்டு.

ஜூன் 16, திங்கள்

அக்காவுக்கு நடந்ததை எழுதி வைக்கிறேன். கோபம் ஆறிவிடக் கூடாது.

சங்கவி என் அக்கா. அந்த நிறுவனத்தில் மூன்று வருடம் புரோகிராமராக இருந்தாள். டயாலிசிஸ் மையங்களுக்கு யார், எந்த நாள், எந்த நேரம் வர வேண்டும் என்று பதிவு செய்யும் மென்பொருளை அங்கே செய்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் அந்தப் பதிவுகள் எல்லாம் அழிந்துபோயின. அக்காதான் அழித்தாள் என்று அவளுடைய டீம் லீடர் ரகுநந்தன் சொன்னார். அன்றைக்கே வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். வாசலில் காவலாளி அவள் பையைக் கொட்டிப் பார்த்தான். டிபன் பாக்ஸைக்கூடத் திறந்து காட்டச் சொன்னான். நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை வீட்டாருக்கு அதே கட்டடத்தில் சொந்தக்காரர் ஒருவர் வேலை பார்த்தார். ஒரு வாரத்தில் கல்யாணம் நின்றது. அதற்குப் பிறகு அவள் எந்த வேலைக்கும் விண்ணப்பம் போடவில்லை. சேலைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டு சூலூர் வீட்டுக்குள்ளேயே இருக்கிறாள்.

நான் பண்ணலை என்று அன்று ஒரே ஒருமுறை சொன்னாள். எனக்கு அது போதும்.

ஜூன் 25, புதன்

இன்று பேக்கப் பற்றிப் பாடம். எதை வைத்திருந்தாலும் அதற்கு இன்னொரு பிரதி எடுத்து வேறோர் இடத்தில் வைக்க வேண்டுமாம். முதல் பெஞ்சில் உட்காருகிறேன். தேர்வில் அதிக மதிப்பெண் எடுப்பவருக்குத்தான் நிறுவனத்தை முதலில் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு.

ஜூலை 1, செவ்வாய்

நான்தான் முதல். பர்வீன் மேடம் என் தோளில் தட்டி, இவ்வளவு ஆர்வமாகப் படிக்கும் பெண்ணைப் பார்த்ததில்லை என்றார். மூன்றாவது நிறுவனத்தைச் சொன்னேன். வீட்டில் வேறு ஒரு பெயரைச் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஜூலை 7, திங்கள்

இரண்டாம் மாடி, கண்ணாடிக் கதவு, குளிர். மேனேஜர் சம்பத்குமார் என்னைக் கூட்டிக்கொண்டுபோய், இவர்கிட்ட உட்காரும்மா என்று ஒரு நாற்காலியைக் காட்டினார். நான் கேட்காமலேயே ரகுநந்தனின் பக்கத்து நாற்காலி. கேட்க வேண்டும் என்று மூன்று விதமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

எப்படி இருப்பார் என்று எவ்வளவோ கற்பனை செய்திருந்தேன். நாற்பதுக்குள் வயது. முன்நெற்றியில் முடி கொட்டியிருக்கிறது. மேசையில் மகளின் படம். மெதுவான குரல். என் பெயரைக் கேட்டார். மௌனிகா என்றேன். நல்ல பேரு என்றார்.

எனக்கும் அக்காவுக்கும் ஒரே முகம் என்று ஊரே சொல்லும். அவர் என்னை நேராகப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை அவருக்கு. அக்காவின் முகத்தையே மறந்திருக்கிறார். கண்டுபிடித்துவிடுவாரோ என்று பயந்துகொண்டு போனவளுக்கு, கண்டுபிடிக்காததுதான் தாங்க முடியவில்லை.

ஜூலை 9, புதன்

எங்களுக்கு எதிர் மேசையில் ஜெசிந்தா. வால்பாறை எஸ்டேட்டிலிருந்து வந்தவள், முதல் வேலை, சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. தன் புளிசாதத்தில் பாதியை என் தட்டில் வைத்தாள். அக்கா உட்கார்ந்திருந்த இடம் எது என்று கேட்க முடியாமல், இந்த மேசை ரொம்ப நாளாக இருக்கிறதா என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

அவள்தான் சிவப்புப் பட்டையைக் காட்டினாள். இவர்களிடம் ஒரே மாதிரி இரண்டு திரைகள் உண்டு. ஒன்று டெஸ்ட், பொய்ப் பெயர்களைப் போட்டு முயன்று பார்ப்பதற்கு. இன்னொன்று லைவ், நிஜ நோயாளிகளின் பதிவு. லைவ் திரையின் மேல் ஓரத்தில் சிவப்பாக ஒரு பட்டை ஓடும். அது தெரிந்தால் எதையும் அழிக்கக் கூடாது. லைவுக்குள் நுழைய எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டுதான், அதனால் யார் செய்தது என்று பிறகு பார்க்க முடியாது.

"முன்னாடி ஒரு அக்கா இருந்தாங்களாம். மொத்தத்தையும் அழிச்சிட்டாங்களாம். அதுக்கப்புறந்தான் இந்தச் சிவப்பு வச்சாங்க" என்றாள் ஜெசிந்தா.

தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.

ஜூலை 11, வெள்ளி

அவருடைய கணினியின் பாஸ்வேர்டைப் பார்த்துவிட்டேன். என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

ஒன்றும் செய்யவில்லை. நான் எதைச் செய்தாலும் அது நான் செய்ததாக இருக்கும். அவர் செய்ய வேண்டும். அவரே செய்து, எல்லோர் முன்னாலும் மாட்ட வேண்டும். காவலாளி அவர் பையையும் கொட்டிப் பார்க்க வேண்டும்.

பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்கிறேன். போனில் பேசும்போது அவர் திரையைப் பார்ப்பதில்லை, கை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். அவசரத்தில் படிக்காமலேயே சரி என்று அழுத்துவார். பிழை வந்தால் முதலில் ஜெசிந்தாவின் பக்கம் திரும்புவார். இதையெல்லாம் எழுதிக்கொள்வதைப் பார்த்து, இவ்வளவு நோட்ஸ் எடுக்கறீங்களே என்று மெச்சினார்.

ஜூலை 18, வெள்ளி

ஒரு தேடல் கட்டளையை நானே எழுதி ஓட்டினேன். உடுமலையில் இருப்பவர்களின் பதிவு மட்டும் வரிசையாக வந்து நின்றது. ஒரு நிமிடம் எதற்காக அங்கே இருக்கிறேன் என்பதே மறந்துபோனது. ரகுநந்தன் பேக்கரியிலிருந்து தேங்காய் பன் வாங்கி வரச் சொல்லி எல்லோருக்கும் கொடுத்தார். என் பங்கைப் பையில் போட்டுக்கொண்டு வந்து வழியில் நாய்க்குப் போட்டேன்.

ஜூலை 24, வியாழன்

மதியத்துக்கு முன் லைவில் பதிவுகள் அழிந்துவிட்டன. எல்லா மையங்களிலிருந்தும் போன். ஜெசிந்தா ஒரு கையில் ஒரு போன், தோளில் இன்னொரு போன் என்று பேசிக்கொண்டே இருந்தாள். முந்தின நாள் பேக்கப்பை எடுத்துப் போட்டு மாலைக்குள் சரி செய்தார்கள். இன்று புதிதாகப் பதிந்தவை மட்டும் போனது போனதுதான்.

எனக்கு ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. நான் அப்போது குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 25, வெள்ளி

ஜெசிந்தாவின் கணினியில் லைவ் திறந்திருந்தது என்று ரகுநந்தன் மேனேஜரிடம் சொல்லிவிட்டார். ஒரு நோயாளியின் நேரத்தைப் பார்க்கத் திறந்தேன், எதையும் தொடவில்லை என்றாள் அவள். திட்டவே இல்லை அவர். மிகவும் தன்மையாக, வேணும்னு யாரும் பண்ணமாட்டாங்க, ஒத்துக்கிட்டா பிரச்சினை சின்னதா முடிஞ்சிடும் என்றார். திங்கட்கிழமை விசாரிக்கிறார்கள்.

கழிவறையில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்ணாடியில் பார்த்துக் கேட்டாள்.

"தெரியாம கை பட்டிருக்குமோ? நீங்க எதிர்லதானே இருந்தீங்க. என் கை ஏதாவது அழுத்துச்சா?"

நான் கவனிக்கவில்லை என்றேன்.

ஜூலை 26, சனி

வியாழக்கிழமை எழுதியது பொய். என் நோட்டிலேயே நான் பொய் எழுதியிருக்கிறேன்.

நான் பார்த்தேன். ஆரம்பத்திலிருந்து முடிவுவரை பார்த்தேன். திருப்பூரில் ஒரு புதிய மையத்துக்கு மென்பொருளைக் காட்ட வேண்டியிருந்தது. அதன் டாக்டரோடு ரகுநந்தன் போனில் பேசிக்கொண்டிருந்தார். டெஸ்டில் இருக்கும் பழைய பொய்ப் பதிவுகளை இப்பவே அழிச்சிடறேன் டாக்டர், உங்களுக்குச் சுத்தமாகக் காட்டறேன் என்று சிரித்தார். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் போன். கை ஓடியது. திரையின் மேலே சிவப்புப் பட்டை இருந்தது. உறுதிதானா என்று ஒரு கட்டம் கேட்டது. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

ஒரு வார்த்தை போதும். சார் என்று கூப்பிட்டிருந்தாலே திரும்பியிருப்பார். என் வாய் மூடியே இருந்தது. அழுத்துடா என்று உள்ளே சொன்னேன். இரண்டு வருடமாக வேறு எதையும் நான் அவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை.

அழுத்தினார். அழிச்சாச்சு டாக்டர் என்று பேசி முடித்துத் திரையைப் பார்த்தார். முகம் வெளிறியதை அத்தனை அருகிலிருந்து பார்த்தேன், எனக்கு அது இனித்தது. லைவ் திரையை மூடினார். எழுந்து டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து நடுவில் நின்று, லைவ் யாரு திறந்து வச்சிருக்கீங்க என்று கேட்டார். ஜெசிந்தா பள்ளிக்கூடப் பிள்ளைபோல் கை தூக்கினாள்.

பேக்கப் இருக்கிறது, ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். உடுமலைக்காரர் ஒருவர் மனைவியோடு இரண்டு பேருந்து மாறி வந்து, பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறார். ஜெசிந்தாதான் அந்த அம்மாவிடம் போனில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஜூலை 27, ஞாயிறு

அப்பாவும் அம்மாவும் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தார்கள். அக்கா ஊதா சேலை ஒன்றுக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். எந்த நிறுவனம் என்பதிலிருந்து தொடங்கினேன்.

ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு ஓங்கி ஓர் அறை விட்டாள். அவள் என்னை அடித்ததே இல்லை.

"டயாலிசிஸுக்கு வந்தவங்க திரும்பிப் போயிருக்காங்க. நீ பார்த்துட்டு உக்காந்துருக்கற. உன்ற அக்காளுக்காகவா? நான் கேட்டனா உன்னைய?"

இல்லை என்றேன். எனக்காகத்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. கன்னம் எரிந்தது. அவள் தண்ணீர் குடித்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். அவர் திரையைப் பார்த்த பிறகு என்ன செய்தார் என்று மறுபடியும் சொல்லச் சொன்னாள். லைவ் திரையை மூடினார், டீ குடிக்கப் போனார், வந்து லைவ் யார் திறந்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார் என்றேன்.

"டீ குடிக்கப் போனாரா?"

ஆமாம் என்றேன்.

"அன்னைக்கும் டீ குடிச்சுட்டு வந்துதான் கேட்டாரு. நான்தான் கை தூக்குனேன்." பிறகு சொன்னாள்: "நானே பண்ணியிருப்பனோன்னு நெனச்சுட்டு இருந்தேன் மௌனி. ரெண்டு வருசமா. தூக்கத்துல தெரியாம அழுத்துன மாதிரி, எப்படியோ பண்ணிட்டேன்னு."

நான் பண்ணலை என்று அவள் ஒரே ஒருமுறைதான் சொன்னாள் என்று பெருமையாக எழுதியிருக்கிறேன். இரண்டாவது முறை ஏன் சொல்லவில்லை என்று யோசிக்கவே இல்லை.

அழுவாள் என்று பார்த்தேன். அவள் வேறு ஒன்று கேட்டாள். டெஸ்டில் இருந்த பொய்ப் பதிவுகள் அழிந்தனவா, இன்னும் இருக்கின்றனவா? எனக்குப் புரியவில்லை. விளக்கினாள். டெஸ்டை அழிக்கப் போய் லைவை அழித்திருக்கிறார். அப்படியானால் டெஸ்ட் அப்படியே இருக்க வேண்டும். இந்தக் களேபரத்தில் திருப்பூர்க்காரருக்குக் காட்டுவது தள்ளிப்போயிருந்தால், அவர் அதை மறந்திருப்பார். தள்ளிப்போய்விட்டது என்றேன். அவள் கண் இடுங்கியது. ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்த நாட்களில் இப்படித்தான் இருப்பாள், நான் மறந்தே போயிருந்தேன்.

"நாளைக்குப் போய்ச் சொல்லு. உன்னையும் சேர்த்துச் சொல்லு. ஒண்ணையும் மறைக்காதே, மறைச்சா அதை வச்சே உன்னைய முடிச்சுடுவாரு."

ஜூலை 28, திங்கள்

மேனேஜர் அறையில் ஜெசிந்தா, ரகுநந்தன், மேனேஜர். கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனேன். எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது என்றேன்.

நின்றுகொண்டே சொன்னேன். போன், சிவப்புப் பட்டை, கட்டம், டீ. மேனேஜர் முதலில் கேட்டது நான் எதிர்பார்த்ததுதான். பார்த்தவள் அப்போதே ஏன் சொல்லவில்லை?

"அவரு அழிக்கணும்னு நான் நெனச்சேன் சார். நான் சங்கவியோட தங்கச்சி."

அப்போதுதான் ரகுநந்தன் என்னைப் பார்த்தார். என் முகத்தில் அக்காவைத் தேடியது தெரிந்தது. கண்டுபிடித்ததும் அவருக்கு மூச்சு இலகுவானது. மேனேஜர் பக்கம் திரும்பி, பாருங்க சார், பழிவாங்க வந்திருக்கா, இவ பேச்சை வச்சு என்ன முடிவு பண்ண முடியும் என்றார். அதே மெதுவான குரல். மேனேஜர் தலையாட்டினார். அந்த நொடியில் எல்லாம் கைநழுவிப் போவதுபோல் இருந்தது. அவர் சொன்னதில் பொய் இல்லை. நான் பழிவாங்கத்தான் வந்தேன்.

"நான் சொல்றத நம்ப வேண்டாங் சார். டெஸ்டைத் திறந்து பாருங்க. அழிச்சிடறேன்னு டாக்டர்கிட்டச் சொன்னாரே, அந்தப் பொய்ப் பதிவு இருக்குதா இல்லையான்னு பாருங்க. அழிச்சிருந்தா அது இருக்காது."

பிறகு ஜெசிந்தா மேசைமேல் இருந்த மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். திறந்து, மேனேஜரை நோக்கித் திருப்பி வைத்தாள். கற்பனைப் பெயர்கள் வரிசையாக நின்றன. ஒன்றுகூடக் குறையவில்லை. மேனேஜர் திருப்பூர் டாக்டரை ஸ்பீக்கரில் கூப்பிட்டார். ஆமா, வியாழக்கிழமை பேசிட்டு இருக்கறப்பவே அழிச்சாச்சுன்னு சொன்னாரே, என்ன விசயம் என்றார் டாக்டர்.

ரகுநந்தன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் ஜெசிந்தாவின் பக்கம் போனேன். உடுமலைக்காரர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். மறுநாள்தான் டயாலிசிஸ் செய்தார்களாம், மூச்சுத்திணறல் வந்து ஒருநாள் படுக்கையில் வைத்திருந்தார்களாம், இப்போது பரவாயில்லையாம். சொல்லிவிட்டுப் போனவள் திரும்பி வந்தாள்.

"கழிவறையில உங்ககிட்டக் கேட்டேன். என் கை பட்டுச்சான்னு கேட்டேன்ல."

சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போய்விட்டாள்.

ஜூலை 29, செவ்வாய்

பர்வீன் மேடம் கூப்பிட்டு அனுப்பினார். இனி இந்த நிறுவனத்தோடு மட்டுமல்ல, எந்த நிறுவனத்தோடும் உன்னைச் சேர்த்து வைக்க முடியாது என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சான்றிதழ் கிடையாது. சரி மேடம் என்றேன்.

ஜூலை 31, வியாழன்

சம்பத்குமார் அக்காவை நேரில் வரச் சொல்லியிருந்தார். மஞ்சள் சுடிதார் போட்டுக்கொண்டாள், இடுப்பில் தொளதொளவென்று இருந்தது. என்னையும் கூட்டிக்கொண்டு போனாள்.

அவர் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். இரண்டு வருடத்துக்கு முன் அழித்ததும் தான்தான் என்று ரகுநந்தன் ஒப்புக்கொண்டுவிட்டாராம். மறுபடியும் வேலைக்கு வந்துவிடு, முன்பைவிட நல்ல பதவி என்றார். ரகுநந்தன் இன்றோடு போகிறாராம். அக்கா வேலை வேண்டாம் என்றாள். தன்னை வெளியே அனுப்பிய அன்று, பதிவுகளை அழித்தது சங்கவி என்று ரகுநந்தன் எல்லோருக்கும் ஒரு மெயில் போட்டிருந்தாராம். எனக்கு இதுவரை தெரியாது. அதே ஆள், அதே மாதிரி, அத்தனை பேருக்கும், இப்போது ஒன்று போட வேண்டும் என்றாள். தனக்கும் ஒரு நகல் வர வேண்டும். சம்பத்குமார் தயங்கினார். நிறுவனத்தின் பெயர், வெளியே தெரிந்தால் என்று ஏதேதோ இழுத்தார். அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் எழுந்து போய்ச் சொன்னார்.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ரகுநந்தன் தெரிந்தார். தட்டினார். அழித்தார். மறுபடி தட்டினார். மேசையில் இருந்த மகளின் படத்தை ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தார். ஒருமுறை நெற்றியைத் துடைத்தார். ஒருமுறை எங்கள் பக்கம் பார்த்தார். அக்கா தலையைத் திருப்பிக்கொண்டாள். நான் திருப்பவில்லை. பாவமாக இருக்கும் என்று நினைத்தேன், இருக்கவில்லை. பார்ப்பதற்குத்தான் என்னை அங்கே அனுப்பினார்கள். கடைசி எழுத்துவரை பார்த்தேன்.

சூலூர் பேருந்தில் வரும்போது அக்காவின் போனுக்கு மெயில் வந்தது. எனக்கும் காட்டினாள். இரண்டு வருடங்களுக்கு முன் பதிவுகள் அழிந்ததற்குச் சங்கவி காரணம் அல்ல, நான்தான் காரணம், தவறுதலாக அவர் பெயரைக் குறிப்பிட்டுவிட்டேன், வருந்துகிறேன். அவ்வளவுதான். ஜெயித்துவிட்டோம் அக்கா என்றேன்.

அவள் மறுபடியும் படித்தாள். பிறகு எல்லோருக்கும் பதில் அனுப்பு என்பதை அழுத்தினாள். அத்தனை முகவரிகளும் வந்து நின்றன. ஒண்டிப்புதூர் தாண்டும்வரை யோசித்தாள். ஒரே வரி எழுதினாள்.

தவறுதலாக அல்ல, தெரிந்தே. சங்கவி.

அனுப்பிவிட்டு, ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு தூங்கிப்போனாள். நிறுத்தம் வந்தபோது நான்தான் எழுப்பினேன்.